மகஜரும் மேல்விலாசமும்

நியாயம் ஒரு பக்கத்தில் வெட்ட வெளிச்சமாக இருக்கும்பொழுது, அதைக் கேட்கப் போகிறவர்கள், கொடுக்க வேண்டியவரின் பலம் யாது, பலவீனம் யாது, அவருக்கு எதில் அச்சம், எதில் ஆசை என்றெல்லாம் ஆராய்ந்துகொண்டு நிற்பது தருமமாகுமா? கேள்வி பழையது. ஆயினும் சென்ற ஆண்டு, கூலாய்க்கும் குளுவாங்குக்கும் இடையே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில், கோயில் மண்டபத்திலே கூடிய ஒரு சிறு கூட்டத்தில் அது எழுந்த விதம் நம்மை இன்றளவும் விடவில்லை.

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போகுமாம். லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குத்தான் விடை இல்லை. இதைக் குறித்து நமது சங்கம் மத்திய அமைச்சர் ஒருவருக்கு மூன்று மகஜர்கள் அனுப்பியிருந்தது. மூன்றையும் எழுதியவர் நாமே. ஆங்கில வழியிற் படித்துவிட்டுத் தோட்டக் காரியாலயத்தில் கிராணி உத்தியோகம் பார்ப்பவருக்கு இத்தகைய கைங்கரியம் தானாகவே வந்து சேரும். மூன்றுக்கும் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது என்று மூன்று பதில்களும் தெரிவித்தன. வேறொன்றும் தெரிவிக்கவில்லை.

நான்காவது மகஜருக்கு முன், இவ்விஷயத்தை உண்மையில் முடிவு செய்பவர் யார், அவர் எவர் சொல்லுக்குச் செவி சாய்ப்பார், தேர்தல் எப்பொழுது, நிலம் வாங்குபவருக்கு எதில் அவசரம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம் என்று இளைஞர் சிலர் சொன்னார்கள். அப்பொழுது ஒரு பெரியவர் எழுந்தார். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். நமக்குத் தந்தையின் வயது; ஆயினும் நம்மை "ஐயா" என்றுதான் அழைப்பார். அதைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம்.

"ஐயா, நாம கேக்கப் போறது நம்ம வீடு. இதுக்கு எதுக்கு அவுங்க இவுங்க மனசைக் கணக்குப் பாக்கணும்? திருடப் போறவன்தான் வீட்டுக்காரன் எப்போ தூங்குவான்னு பாப்பான்" என்றார். மண்டபம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவர் சொல்லியதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆளுகிறவன் பலவீனமாயிருக்கும் நேரம் பார்த்துத்தான் உரிமை கிடைக்கும் என்றால், அவன் பலமாயிருக்கும்பொழுது அது உரிமையில்லாமற் போய்விடுமா? மேலும், அதிகாரத்தை ஆராயப் புகுந்தவன் நாளடைவில் அதன்மேல் மோகங் கொண்டுவிடுவது கண்கூடு. அரசியற் சூழ்நிலையை ஆராய்ந்து ஆராய்ந்தே தலைவர்களாகி, பின்பு சூழ்நிலை சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே ஆயுளைக் கழித்த கனவான்களை நமது சமூகம் நன்றாக அறியும். அவர்களைப் பார்த்துச் சலித்த கண்களுக்குக் கணக்கு என்பதே கள்ளத்தனமாகத் தோன்றினால் அது வியப்பன்று.

ஆனாலும் நம் மனம் பெரியவரின் பக்கம் முழுவதும் சாயவில்லை. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனை முன்னிட்டுச் சொல்லப்பட்டவை என்பர். எனினும் அரசனைக் காட்டிலும் ஏழைக்கே அவை அதிகம் வேண்டும் என்பது நமது கருத்து. அரசன் கணக்குத் தவறினால் அவனைக் காக்கப் படை உண்டு, கோட்டை உண்டு, பொக்கிஷம் உண்டு. தோட்டத் தொழிலாளி கணக்குத் தவறினால் வேலை போகிறது. வேலையோடு வீடும் போகிறது. அதிலும் கொடுமை, கணக்கைத் தவற விடுபவர் பெரும்பாலும் தொழிலாளியாக இருப்பதில்லை. மகஜர் எழுதிக் கொடுத்த நம்மைப் போன்றவரே. நமது அறியாமைக்குப் பிறர் விலை கொடுக்கிறார்கள். இதைத் தருமத்தின் தூய்மை என்று சொல்லிக்கொள்ள நம் நா கூசுகிறது.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நலம். 1936ல் கோலாலம்பூரில் மலாயா இந்திய மத்தியச் சங்கம் தோன்றியது. வக்கீல்களும் வைத்தியர்களும் வர்த்தகர்களும் சேர்ந்த சபை அது. தோட்டத் தொழிலாளியின் சம்பளமே அவர்களுக்கு முன்னிருந்த பெரிய பிரச்னை. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது உலகப் பெருமந்தத்தில் சரிந்து போயிருந்தது. யாரிடம் கேட்பது? தோட்ட முதலாளிகளோ லண்டன் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லுகிறவர்கள். மலாயா சர்க்காரோ ரப்பர் வரும்படியில் வாழ்ந்தது. தொழிலாளிக்கு ஓட்டு இல்லை, தொழிற்சங்கம் இல்லை, தோட்டத்துக்குள் வெளியார் புகுந்து பேசினால் அத்துமீறல் வழக்கு.

சங்கத்தார் அங்கே நின்றுவிடாமல், சம்பளம் ஏன் இவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்று காரணத்தைத் தேடினார்கள். காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. ரப்பர் விலை ஏறினால் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வருவார்கள். விலை இறங்கினால், 1930க்குப் பின் நடந்தது போல, பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுடன் திருப்பி அனுப்பப்படுவார்கள். குழாயைத் திறந்து மூடுவது போன்ற இவ்வேற்பாடு இருக்கும்வரை எந்த முதலாளியும் சம்பளத்தை உயர்த்த வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்தக் குழாயின் பிடி மலாயாவில் இல்லை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்ச்சிச் சட்டப்படி, பயிற்சியற்ற தொழிலாளர் வெளிநாடு செல்வதை அனுமதிக்கவும் தடுக்கவும் இந்திய சர்க்காருக்கே அதிகாரம் இருந்தது. ஆகவே மத்தியச் சங்கத்தாரின் மகஜர்கள் டில்லியை நோக்கிப் போயின.

காலமும் ஒத்து வந்தது. 1936 கடைசியில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக ஸ்ரீநிவாச சாஸ்திரியார் விசாரணைக்கு வந்தார். அவருடைய அறிக்கை 1937ல் வெளியானபொழுது சங்கத்தார் மிகவும் ஏமாற்றமடைந்தார்கள். பழைய 50 காசையும் 40 காசையும் திருப்பிக் கொடுக்கும்படி அவர் சிபாரிசு செய்ததற்கு மேல் பெரிதாக ஒன்றும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. (ஒரே மரத்தில் ஒரே கத்தியால் பால் வெட்டும் பெண்ணுக்குப் பத்துக் காசு ஏன் குறைய வேண்டும் என்பது அக்காலத்து நியாயஸ்தர்களின் தூக்கத்தைக் கெடுக்கவில்லை போலும்!) அதே 1937ல் பண்டித நேரு மலாயாவுக்கு வந்து போனார். அவ்வாண்டிலேயே தொழிலாளரை அனுப்பும் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரி சபை ஏற்பட்டது. முதலாளிமார் இந்தக் காற்று மாற்றத்தைக் கவனிக்கவில்லை. ரப்பர் விலை சற்று இறங்கியதும், 1938ல், ஆண் சம்பளத்தை 45 காசாகவும் பெண் சம்பளத்தை 36 காசாகவும் குறைத்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய சர்க்கார் உதவிபெற்ற குடிபெயர்ச்சிக்குத் தடை விதித்தது. அந்தக் குழாய் பிறகு திறக்கப்படவேயில்லை.

இதைக் கணக்கின் வெற்றி என்று கொண்டாடுவோர் உண்டு. நாமும் சில காலம் கொண்டாடினோம். ஆனால் அந்தத் தடையின் மறுபக்கம் ஒன்றுண்டு. சொந்தச் செலவில் கப்பலேற முடியாத ஏழையின் தம்பிக்கும் மைத்துனனுக்கும் அன்றே வழி அடைபட்டது. தடையினால் சம்பளம் மறுநாளே உயர்ந்துவிடவுமில்லை. தடை வேண்டுமா என்று லயத்தில் ஒருவரையாவது கூட்டி வைத்துக் கேட்டார்களா? டில்லியின் மனத்தைப் படித்தவர்களுக்கு லயத்தின் மனத்தைப் படிக்க அவகாசம் இருக்கவில்லை.

மூன்றே ஆண்டுகளில் லயம் தானே பேசிற்று. 1941ன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் மூண்டது. தமிழ் நேசன் பத்திரிகையில் உதவி ஆசிரியராயிருந்த ஆர். எச். நாதன் அதற்கு முன்னின்றார். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை எத்தனை முறை படித்தாலும் நமக்கு அலுப்பதில்லை. சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம், வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போதல், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு என்று வரிசையாகச் செல்லும் அப்பட்டியலின் நடுவே ஒன்று உண்டு: துரைமாருக்கும் காரியாலய உத்தியோகஸ்தர்களுக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும்!

இந்தக் கோரிக்கையை மத்தியச் சங்கத்தின் வக்கீல் எழுதியிருக்க முடியாது. அவர் எந்தக் கிராணியைக் கண்டும் சைக்கிளிலிருந்து இறங்கியதில்லை. சம்பளத்தைத் தடுத்தவர் லண்டனில் இருக்கலாம். குடிபெயர்ச்சியைத் தடுக்க வல்லவர் டில்லியில் இருக்கலாம். ஆனால் தினந்தோறும் தொழிலாளியின் முதுகை வளைத்தவர் அரைமைல் தூரத்தில், கூரை வேய்ந்த காரியாலயத்தில், அவனைப் போன்ற கறுப்புத் தோலுடன் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொழிலாளர் இட்ட பெயர் "கறுப்பு வெள்ளைக்காரர்" என்பது. நம் உத்தியோகத்தின் பூர்வோத்தரம் அதுதான்.

கிள்ளான் தொழிலாளர் காலத்தை அறிந்தார்களா? ஒருவிதத்தில் அறிந்தார்கள். யுத்த காலம், பிரிட்டனுக்கு ரப்பர் உயிர்நாடி, ஆகையால் வேலை நிறுத்தத்துக்கு என்றுமில்லாத வலிமை இருந்தது. அதே காரணத்தால் சர்க்காருக்கும் என்றுமில்லாத பீதி இருந்தது. மே மாதத்தில் நாதனைப் பிடித்தார்கள். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துருப்புகள் வந்தன. தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். வேளை பலமாயிருப்பதற்கும் பாதகமாயிருப்பதற்கும் ஒரே காரணம் அமையக்கூடும் என்பதை நாம் அவர்களிடமிருந்து கற்கிறோம். நாற்காலியில் அமர்ந்து அவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை.

கணக்கு அறிந்தவர் பக்கமே நியாயமும் இருக்கும் என்று நினைப்பதும் மயக்கம். இதற்கு நமது ஜொகூரே சாட்சி. 1945 அக்டோபரில் மலாயன் யூனியன் திட்டத்துக்கு முதலிற் கையெழுத்திட்டவர் ஜொகூர் சுல்தான். அத்திட்டத்தை எதிர்த்து அம்னோ பிறந்ததும் ஜொகூர் பாருவிலேதான், 1946 மே 11ஆம் தேதி. டத்தோ ஓன் முதலியோர் பிரிட்டிஷாரின் பலவீனத்தைத் திட்டமாக அறிந்திருந்தார்கள்: பழைய உடன்படிக்கைகள் சுல்தான்களோடு செய்யப்பட்டவை, மலாய் உத்தியோகஸ்தர்களின் ஒத்துழைப்பின்றி நிர்வாகம் நடவாது, லண்டனில் ஓய்வுபெற்ற பழைய மலாயா அதிகாரிகள் அனுதாபத்துடன் இருக்கிறார்கள். 1948 பிப்ரவரியில் யூனியன் மறைந்தது. அதே காலத்தில், எல்லா இனத்தாருக்கும் விசாலமான குடியுரிமை வேண்டுமென்று, மலாய்க்காரர் கட்சிகளும் மலாயா இந்தியர் காங்கிரஸும் மற்றவர்களும் கூடி 1947ல் மக்கள் அரசியல் திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 20ல் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. கடைகள் அடைபட்டன, வேலை நின்றது, சர்க்கார் அசையவில்லை. இவ்விரண்டில் எது விசாலமான நியாயம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எது நிறைவேறிற்று என்பதிலும் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கணக்கு கத்தியைப் போன்றது. யார் கையிலும் வெட்டும்.

சரியான கதவைத் தட்டினால்தான் கதவு திறக்கும் என்பதுங்கூட முழு உண்மையன்று. 2007ல் இந்து உரிமைப் போராட்டக் குழுவினர் பிரிட்டிஷ் சர்க்கார் மீது லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். மகாராணியாருக்கு மகஜர் கொடுப்பதற்காக நவம்பர் 25ல் கோலாலம்பூரில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். லண்டன் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்குமென்று எண்ணித் திரண்டவர் எத்தனை பேரோ! ஆனால் 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளுங் கூட்டணி, 1969க்குப் பின் முதன்முறையாக, மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. மகஜரின் மேல்விலாசம் ஒன்று. அதைப் படித்துப் பயந்தவர் வேறு.

அந்தப் பயத்தினால் பயனடைந்தவற்றுள் குறைந்தபட்சச் சம்பளமும் ஒன்று. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 900 வெள்ளி கேட்டு 2007லேயே மறியல் செய்திருந்தது. அப்பொழுது அது பகற்கனவாகத் தோன்றியது. 2008 டிசம்பரில் ஜெரிட் என்னும் ஒடுக்கப்பட்டோர் கூட்டமைப்பினர், கெடாவிலிருந்து ஓர் அணியும் நமது ஜொகூரிலிருந்து ஓர் அணியுமாகச் சைக்கிளிற் புறப்பட்டு நாடாளுமன்றத்துக்குச் சென்றார்கள். அவர்களுடைய கோரிக்கைகளுள் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஒன்று. (1941ல் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலராவது அவ்வணிகளில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு சந்தோஷம்.) 2011ல் சட்டம் பிறந்தது. 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் 900 வெள்ளி, 2022ல் 1,500, 2025ல் 1,700. தினக்கூலிக்காரர் என்றே மூன்று தலைமுறையாக எண்ணப்பட்டவர்களுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு தரை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், 2008ல் ஜொகூரின் 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் 25ஐ ஆளுங் கூட்டணியே வென்றிருந்தது. நம் ஊர் ஒருவரையும் பயமுறுத்தவில்லை; பிற ஊரார் பயமுறுத்தியதன் பலனை நாமும் அனுபவிக்கிறோம்.

இன்னும் சமீபத்திய ஒரு சம்பவம் 1938ஐ நினைவூட்டுகிறது. தோட்டங்களில் இன்று பெரும்பான்மையாக உழைப்பவர் இந்தோனேசியர், வங்காள தேசத்தார், நேபாளிகள் முதலியோர். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்து, அக்கடனுக்காகவே உழைப்பவர் அவர்களில் அநேகர். இவர்கள் பொருட்டுச் சில வெளிநாட்டுச் சங்கங்கள் புத்ராஜெயாவுக்கு எழுதிக்கொண்டிராமல், செம்பனை எண்ணெயை வாங்குபவர் யார் என்று பார்த்தன. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் ஒன்று, கட்டாய உழைப்பினால் விளைந்த சரக்கை உள்ளே விடக்கூடாது என்கிறது. சங்கங்கள் அந்தச் சட்டத்தைப் பிடித்தன. 2020 செப்டம்பரில் எஃப்.ஜி.வி. நிறுவனத்தின் எண்ணெயையும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயையும் அமெரிக்கச் சுங்க இலாகா நிறுத்தி வைத்தது. அதன்பின் சைம் டார்பி, தொழிலாளர் கட்டியிருந்த ஏஜெண்டுக் கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்தது. 2023ல் அதன் மீதிருந்த தடை நீங்கிற்று. 2023 ஜனவரி முதல் நமது நாட்டு வேலைவாய்ப்புச் சட்டத்திலும் கட்டாய உழைப்பு குற்றமாயிற்று. அன்று டில்லி, இன்று வாஷிங்டன்! உள்ளூர்த் தொழிலாளிக்கு உள்ளூர்க் கதவு திறக்கும் நாள் எந்நாளோ என்ற ஏக்கம் எழாமலில்லை.

ஆயினும் இச்சம்பவம் நமது சங்கத்தில் பேசப்பட்டபொழுது, ஒரு நண்பர் 1938ன் பாடத்தை வேறுவிதமாகப் படித்தார். அன்று தமிழ்நாட்டுக் குழாயை மூடியதால்தானே நமக்கு மதிப்பு வந்தது. இன்று வங்காளக் குழாயையும் நேபாளக் குழாயையும் மூடிவிட்டால் நம் பிள்ளைகளுக்குச் சம்பளம் உயராதா என்றார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அன்று நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்து நின்றவனுக்கும் இன்று டாக்காவில் விமானத்துக்குக் காத்து நிற்பவனுக்கும் என்ன வேற்றுமை என்று நாம் கேட்டோம். நண்பர் பதில் சொல்லவில்லை; நாமும் வற்புறுத்தவில்லை. கணக்குப் போடுமுன் அதில் யார் யாரைச் சேர்த்து எண்ணுவது என்று ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவைக் கணக்கு நமக்காகச் செய்து தருவதில்லை. பெரியவர் திருடனென்று சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தும் என்று இப்பொழுது தோன்றுகிறது: அடுத்தவன் தூங்கும் வேளையைப் பார்ப்பதைவிட, தன் கூட்டத்தாரைத் தவிர மற்றவர் எல்லாரையும் வீட்டுக்காரராக எண்ணுவதே திருடனின் இலட்சணம்.

இனி நமது மகஜருக்கு வருவோம். இளைஞர்கள் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார்கள். அரை மணியில் வெட்கம் வந்தது. நாட்டின் அரசியல் சாசனப்படி தொழிலாளர் சட்டம் மத்திய சர்க்காரின் பொறுப்பு. நிலமோ மாநிலத்தின் பொறுப்பு. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற அனுமதி கொடுப்பது மாநிலம். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற நிலச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. அதற்கென்று எஸ்டேட் நில வாரியம் இருக்கிறது. நாமோ மூன்று முறையும் புத்ராஜெயாவுக்கு எழுதியிருக்கிறோம். தட்டியிருக்க வேண்டிய கதவு கோத்தா இஸ்கண்டாரில், ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இருந்தது. நிலம் வாங்குபவருக்கும் அவசரம் உண்டு. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தான பிறகு தெற்கு ஜொகூரில் நிலம் வைத்திருப்போர் எவரும் தாமதத்தை விரும்புவதில்லை. குடியிருப்பவர்களின் வழக்கு ஒன்று குறுக்கே நின்றால் அது அவருக்குப் பெரிய தாமதம். ஆகவே பேசுவதற்கு அவரும் இணங்கக்கூடும்.

இவையெல்லாம் தாளில் ஏறின. மேலே சர்க்கார், பக்கத்தில் வாங்குபவர், விற்பவர், சட்டமன்ற உறுப்பினர், பத்திரிகை என்று பெயர்களும் கோடுகளுமாகத் தாள் நிறைந்தது. அப்பொழுது ஓர் இளம் பெண், "இதிலே காரியாலயத்தை எங்கே போடுறது, அண்ணே?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டாள். அதற்கென்ன அவசியம் என்றோம். "யார் எத்தனை வருஷம் வேலை செஞ்சாங்க, எந்த லயத்திலே இருந்தாங்கன்னு காட்டணுமே. எங்க ஆயாகிட்டே ஒரு சீட்டும் இல்லே" என்றாள்.

அவள் கேட்டது சாதாரண விஷயமன்று. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, தோட்டம் மூடப்பட்டால் தொழிலாளிக்குச் சேர வேண்டிய தொகை சேவைக் காலத்தைக் கொண்டே கணிக்கப்படும்: இரண்டாண்டுக்குக் குறைந்தவர்க்கு ஆண்டுக்குப் பத்து நாட் சம்பளம், ஐந்தாண்டுக்குக் குறைந்தவர்க்குப் பதினைந்து நாள், அதற்கு மேற்பட்டவர்க்கு இருபது நாள். வீட்டுக்கு மாற்றிடம் கேட்பதற்கும் எத்தனை காலமாகக் குடியிருக்கிறோம் என்பதே ஆதாரம். அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது? பழைய செக்ரோல் புத்தகங்களில். புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? நம் நாற்காலிக்குப் பின்னாலுள்ள இரும்பு அலமாரியில். சாவி நம்மிடம்.

மூன்று மகஜர்களை இலக்கணப் பிழையின்றி எழுதிய இந்தக் கை ஒரு முறையேனும் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. துரை என்ன நினைப்பாரோ என்ற அச்சத்தைக் காரியாலய ஒழுங்கு என்று பெயரிட்டு வைத்திருந்தோம். அதிகாரம் யார் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்த நாம், கறுப்பு வெள்ளைக்காரர் என்ற சொல்லைச் சரித்திரத்திற் படித்து ரசித்த நாம், நம் பெயரை அத்தாளில் எழுத ஓர் இளம் பெண் சொல்லும்வரை காத்திருந்தோம். தந்தை வயதுடையவர் நம்மை "ஐயா" என்று அழைப்பது நம் படிப்பை உத்தேசித்து என்று எண்ணியிருந்தோம். அவர் அந்தச் சாவியை உத்தேசித்தல்லவா அழைத்தார்! நாம் போட வேண்டிய கணக்கை அவர் எப்பொழுதோ போட்டு முடித்திருந்தார். கணக்கு வேண்டாம் என்று சொன்னவரும் அவரே.

பிறருடைய கணக்குகளைப் புரட்டிக் காட்ட நமக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒரு தொழிலாளி தன்னுடைய சேவைக் கால விவரத்தைக் கேட்டால் எழுதிக் கொடுப்பது நம் உத்தியோகத்துக்கு உட்பட்ட காரியம். இதை நிர்வாகிக்கு எழுத்து மூலம் தெரிவித்தோம். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நம்முடன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதல் வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். பெரியவருடைய பெயர் 1978ஆம் ஆண்டுப் புத்தகத்தில், நமக்கு முன்னிருந்த கிராணியின் அழகிய கையெழுத்தில், எழுத்துப் பிழையுடன் இருந்தது. அதைத் திருத்தி எழுதிக் கொடுத்தோம். தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேன் ஐயா" என்று போனார்.

நான்காவதாக வந்தவர் ஒரு நேபாளி. குலை வெட்டுபவர், ஒன்பது ஆண்டு சேவை. சங்கத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. எல்லாருக்கும் எழுதித் தருகிறீர்களாமே என்று மலாயில் கேட்டார். அவரை உட்காரச் சொல்லி, அலமாரியைத் திறந்தோம்.